மூக்கன் சொன்ன குடும்பம்

மங்கையர்க்கரசியின் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த பெட்டிக்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒரு முழ நீளம். அவள் அதை மூக்கன் என்றுதான் சொல்வாள். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு மூக்கன் வந்து ஆறு வருடம் ஆகிறது. வருமானம், கடன், சேமிப்பு, செலவு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, போதாக்குறைக்கு அடுப்பில் என்ன வேகிறது என்றும் மோந்து பார்த்து, தினமும் காலை ஏழு மணிக்கு நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண்ணைக் காட்டும். அதுதான் அந்த வீட்டின் பண ஆரோக்கியமாம். காய்ச்சல் பார்த்துச் சொல்வது போல, இன்றைக்கு நீங்கள் எழுபத்தெட்டு என்று சொல்லும்.

அந்த எண்ணை வைத்துத்தான் எல்லாம். வங்கிக்காரன் வட்டியை அதைப் பார்த்துச் சொல்வான், மருத்துவமனை அதைப் பார்த்து வரிசையில் நிறுத்தும். கடையில் பால் விலைகூட அதைப் பொறுத்தது. எண் குறைந்த வீட்டுக்கு அதே பால் அரை டாலர் கூடுதல், காரணம் கேட்டால் ஆபத்துக் கட்டணம் என்பார்கள். இல்லாதவளிடம்தான் அதிகமாகப் பிடுங்குவது என்பது உலகம் அறிந்த விஷயம். அதைச் செய்ய ஒரு பெட்டி வேறு, அதற்கு மின்சாரம் வேறு.

கொலம்பஸ் நகரத்தில் அந்தப் பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எதிரெதிரே இரண்டு கதவுகள். இந்தப் பக்கம் அரசியும் அவள் கணவன் தனசேகரனும். அவன் ஒரு சரக்குக் கிடங்கில் கணினி பார்க்கிறான், அவள் குழந்தைகள் காப்பகத்தில் சமைக்கிறாள். அந்தப் பக்கம் டெலோரஸ், முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்ந்த அறுபத்தேழு வயதுக் கறுப்பினப் பெண்மணி. ஒரே வாடகை, ஒரே குழாய்த் தண்ணீர், எட்டு மாதமாக ஓடாத ஒரே லிஃப்ட். ஆனால் இங்கே எழுபத்தெட்டு, அங்கே முப்பத்தொன்று. அவளுடைய கணவன் சாவதற்கு முன் பதினான்கு மாதம் மருத்துவமனையில் கிடந்தான். அந்தப் பில் இன்னும் சாகவில்லை.

டெலோரஸுக்கு இடது இடுப்பு மூட்டு தேய்ந்து போயிருந்தது. மூன்று மாடி ஏறி வர இருபது நிமிடம் ஆகும். மூட்டு மாற்ற எழுதிக் கொடுத்து இரண்டு வருடமாகிறது, ஆனால் வரிசையில் நிற்கவே எண் ஐம்பது வேண்டும் என்றார்கள்.

போன குளிர்காலத்தில் அரசி ஒரு தூக்குச்சட்டி நிறையச் சாம்பார் கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுநாள் டெலோரஸ் அதைப் பளபளவென்று தேய்த்துத் திருப்பிக் கொடுத்தாள். அரசிக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. எங்கள் ஊரில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம், ஒரு சிட்டிகை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். விளையாட்டுக்குச் சொன்னது. டெலோரஸ் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அந்தத் தூக்கு ஒரு நாளும் வெறுமையாக வந்ததில்லை. சோள ரொட்டி வரும், சர்க்கரைவள்ளிக்கிழங்கு மசியல் வரும். மாதக் கடைசியில் ஒன்றும் இல்லாத நாளில், காகிதத்தில் மடித்த இரண்டு கரண்டி பழுப்புச் சர்க்கரை வந்தது. நம் நாட்டுச்சர்க்கரை மாதிரியே வெல்ல வாசனை. அன்று அரசி அந்தச் சர்க்கரையில் காபி போட்டுக் குடித்துவிட்டு, ஏனோ தெரியவில்லை, கொஞ்ச நேரம் அழுதாள்.

எல்லாவற்றையும் மூக்கன் மோந்துகொண்டிருந்தது.

செப்டம்பர் நடுவில் ஒரு காலையில் பெட்டி ஐம்பத்து நான்கு என்றது. தனசேகரன் பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு வந்து நின்றான். வேலை போகவில்லை, கடன் வாங்கவில்லை, ஒரே இரவில் இருபத்து நான்கு எப்படிக் குறையும்? அவன் பயந்ததற்குக் காரணம் இருந்தது. பதினொரு வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து, ஊருக்கு வெளியே இரண்டு படுக்கையறையும் ஒரு வேப்பமரம் அளவுக்கு முற்றமும் உள்ள ஒரு வீட்டுக்கு இருபதாயிரம் டாலர் முன்பணம் கட்டியிருந்தார்கள். அக்டோபர் பதினான்கு கையெழுத்து. அன்றைக்கு எண் எழுபதுக்குக் குறைந்தால் கடன் கிடையாது, முன்பணமும் போச்சு.

இருவரும் விடுப்புப் போட்டுவிட்டு, மூக்கனை மாட்டிய அரசாங்க அலுவலகத்துக்கு ஓடினார்கள். மூன்று மணி நேரம் உட்கார வைத்து, பிறகு ஒரு இளைஞனிடம் அனுப்பினார்கள். பிரெண்டன் என்று சட்டையில் எழுதியிருந்தது. மரியாதைக்குக் குறைவில்லை, இரண்டு தடவை தண்ணீர் கொடுத்தான். திரையைப் பார்த்துவிட்டு, உங்கள் குடும்பத்தில் மூன்று பேர் என்றான். இரண்டு பேர் என்றாள் அரசி. இல்லை, டெலோரஸ் அம்மையாரும் உங்கள் குடும்பம்தான் என்று திரையை இவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினான்.

தனசேகரன் கத்துவதற்கு முன் அவன் நிதானமாக விளக்கினான். பணக்காரர்கள் பிள்ளைகளைத் தனி வீடு என்று எழுதிக் காட்டி ஏமாற்றினார்கள். இல்லாதவர்கள் அண்ணன் தம்பியை மறைத்து உதவித்தொகை வாங்கினார்கள். விலாசம் பொய் சொல்லும், கல்யாணப் பத்திரமும் பொய் சொல்லும். வயிறு மட்டும் பொய் சொல்லாது என்று சட்டம் முடிவு செய்தது.

"யார் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறார்களோ அவர்கள் ஒரு குடும்பம். நீங்கள் வாங்காத பொருள் உங்கள் சமையலறையில் வாசனை அடித்தால், அதை வாங்கியது எந்த வீடு என்று கருவி தேடும். தொண்ணூறு நாளில் நாற்பது தடவை நடந்தால் இரண்டு வீட்டையும் சேர்த்துவிடும்."

"நான் அவங்களுக்குக் குழம்பு குடுத்தேன், அவ்வளவுதான்," என்றாள் அரசி.

"கொடுத்தது தப்பே இல்லை. ஒருவழியாகப் போனால் அது தானம். அதற்கு உங்களுக்கு மூன்று புள்ளி கூடக் கிடைத்திருக்கும். அவர்கள் திருப்பிக் கொடுத்ததுதான் சிக்கல். இருவழியாகப் போனால் அது குடும்பம்."

அரசி அவனையே பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஒன்று உங்கள் சட்டத்தில் கிடையாதா என்று கேட்டாள். பிரெண்டன் நிஜமாகவே தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு பிரிவு இல்லை என்று வருத்தப்பட்டான்.

வழி ஒன்று இருந்தது. பிரிவு மனு போட வேண்டும். மனு போட்ட நாளிலிருந்து முப்பது நாள் அந்த வீட்டுப் பொருள் இந்த வீட்டில் வாசனை அடிக்கக் கூடாது. ஒரு தடவை அடித்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். முப்பதாம் நாள் இரண்டு வீடும் தனித்தனியாகிவிடும், அவரவர் எண் அவரவருக்கு. தனசேகரன் அங்கேயே கையெழுத்துப் போட்டான். பேனாவை அவளிடம் நீட்டினான். அவளும் போட்டாள். மனு பதிவாகி நாள் எண்ணத் தொடங்கியது செப்டம்பர் பதின்மூன்று. முப்பதாம் நாள் அக்டோபர் பன்னிரண்டு. கையெழுத்துக்கு இரண்டு நாள் முன்னால். கழுத்தளவுத் தண்ணீரில் நின்றாலும் மூக்கு மேலே இருக்கிறதே என்று தனசேகரனுக்கு மூச்சு வந்தது.

அன்று சாயங்காலம் படியில் டெலோரஸ் பிடித்துக்கொண்டாள். மங்கையர்க்கரசி என்ற பெயர் அவள் நாக்கில் ஏறாது. அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, குயீன் என்றே கூப்பிடுவாள். முகமெல்லாம் மலர்ந்து, மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள் என்றாள். அவளுடைய எண் திடீரென்று ஐம்பத்து நான்கு ஆகிவிட்டதாம். எப்படி என்று அவர்கள் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை, கேட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம். அக்டோபர் இருபது அறுவை சிகிச்சை.

அரசி படியில் நின்றபடியே நாளை எண்ணினாள். அக்டோபர் பன்னிரண்டாம் தேதி இவர்கள் பிரிந்தால் டெலோரஸ் மறுபடி முப்பத்தொன்று. இருபதாம் தேதி அவளுக்கு அறுவை சிகிச்சை கிடையாது.

அடுத்த நாள் முழுக்க அரசி தொலைபேசியில் தொங்கினாள். வங்கியில் கையெழுத்தைப் பத்து நாள் தள்ளிப்போடக் கேட்டாள், பேசிய வட்டி அந்தத் தேதிக்குத்தான், முடியாது என்றார்கள். மருத்துவமனையில் பத்து நாள் முன்னால் வைக்கக் கேட்டாள். நீங்கள் யார் என்றார்கள். டெலோரஸின் குடும்பம் என்று சொல்லிப் பார்த்தாள், சரிபார்த்துவிட்டு ஆமாம் என்றார்கள், ஆனால் தேதி நகராது என்றார்கள். மூக்கன் அலுவலகத்தில், பிரிந்த பிறகும் டெலோரஸின் ஐம்பத்து நான்கைப் பத்து நாள் விட்டுவைக்கக் கேட்டாள். பிரெண்டன் இல்லை, வேறொரு குரல் இருந்தது, அதுவும் மரியாதையான குரல். கையெழுத்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் ஆறு நாள் வித்தியாசம். வெறும் ஆறு நாள். ஒருத்தராவது அதட்டிப் பேசியிருந்தால் சண்டை போட்டு மனசு ஆறியிருக்கும். எல்லாரும் வருந்தினார்கள், யாரும் நகரவில்லை. செவிடன் காதில் சங்கு ஊதினாலும் அவன் திரும்பியாவது பார்ப்பான்.

தனசேகரன் யோசனை சொன்னான், இனிமேல் ஒன்றும் திருப்பித் தர வேண்டாம் என்று டெலோரஸிடம் சொல்லிவிடலாமே என்று. நீ பாட்டுக்குக் கொடு, அது தானத்தில் போகும் என்றான்.

"தானமா? ஏங்க, அவங்க என்ன நம்ம வாசல்ல கையேந்திக்கிட்டா நிக்கிறாங்க? வெறும் பாத்திரம் தரக்கூடாதுன்னு சொன்னதே நான். இப்ப நானே போய், நீங்க வாங்கிக்க மட்டும் செய்யுங்கன்னு சொல்லணுமா?"

"அப்ப காகிதத் தட்டுல குடு. திருப்பித் தர எதுவும் இருக்காது."

"அவங்க பாத்திரத்துல போட்டுக் கொண்டாருவாங்க. உங்களுக்கு அவங்களத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியும். அதனால்தான் அவனுக்குக் கோபம். இருபதாயிரம் டாலர் அரசி, பதினொரு வருஷம் அரசி என்று இரண்டு தடவை சொன்னான். அப்புறம் சொல்லவில்லை. அவன் கெட்டவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். டெலோரஸின் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் ஏறுகிற வேகத்தில் இருபது நிமிடம் படி ஏறியவன்தான். இப்போது அந்தப் படியில் அவளைப் பார்த்துவிடக் கூடாதே என்று விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பினான்.

அரசி எதையும் சொல்லவில்லை. கொடுப்பதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். கோழைகளுக்கு எப்போதும் இருக்கிற வழி அது. ஆனால் ஒரு தூக்குச்சட்டி டெலோரஸ் வீட்டில் மாட்டிக்கொண்டது. கடைசியாகக் கத்தரிக்காய்க் குழம்பு போன தூக்கு. அது எப்போது வேண்டுமானாலும் எதையாவது சுமந்துகொண்டு வரும். வந்தால், வாசலில் வைத்து மூடியைத் திறந்தாலே மூக்கனுக்குப் போதும், கணக்கு ஒன்றுக்கு வந்துவிடும்.

தனசேகரன் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு நாட்காட்டி ஒட்டி, தினமும் ஒரு பெருக்கல் குறி போட்டான். ஐந்து, ஒன்பது, பதினான்கு. அழைப்பு மணி அடித்தால் அரசி முதலில் கதவுத் துளை வழியாகப் பார்ப்பாள். கடைக்காரன் பையனாக இருந்தால் அப்பாடா என்றிருக்கும், அப்படி இருந்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வரும். கட்டடத்தின் பின்பக்க இரும்புப் படி வழியாகப் போய் வர ஆரம்பித்தாள். எதிர்வீட்டுக் கதவுக்குப் பின்னால் கைத்தடி தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். டக், டக், கொஞ்சம் நிற்கும், மறுபடி டக். சாம்பார் தாளிக்கும்போது ஜன்னலைச் சாத்தினாள். தாளித்த வாசனை அங்கே போனால் டெலோரஸ் என்ன நினைப்பாள் என்று அரசிக்குத் தெரிந்திருந்தது.

இருபத்தேழாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், மணி அடித்தது. கதவின் கண்ணாடித் துளை வழியாக அரசி பார்த்தாள். டெலோரஸ். ஒரு கையில் கைத்தடி, மறு கையில் தூக்கு.

திறக்காமல் இருந்துவிடலாமா என்று நினைத்தாள். நினைத்தாள் என்பதை மறைப்பானேன். உள்ளே தனசேகரன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அவளைப் பார்த்தான். அவள் போய்த் திறந்தாள்.

டெலோரஸ் தூக்கை நீட்டினாள். அரசி இரண்டு கையாலும் வாங்கினாள். கை கனத்தை எதிர்பார்த்திருந்தது, தூக்கு சடாரென்று மேலே வந்தது. மூடியைத் திறந்து பார்த்தாள். தேய்த்துத் துடைத்து வைத்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"நீங்க போட்ட பிரிவு மனுவோட பிரதி எனக்கும் வந்துச்சு, குயீன்," என்றாள் டெலோரஸ். "முதல் வாரமே வந்துடுச்சு. என் நம்பர் எங்கிருந்து வந்துச்சுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. முப்பது நாள் முடியட்டும், அப்புறம் தரலாம்னுதான் வெச்சிருந்தேன். ஆனா உன் பாத்திரம். தினமும் அலமாரியில பாக்கும்போது, நீ இதுல எதையோ எதிர்பார்த்துப் பயந்துக்கிட்டு இருக்கேன்னு தோணுச்சு."

அரசி மூடியைத் திரும்ப வைக்கப் பார்த்தாள், அது பொருந்தவில்லை.

"எதைப் போட்டாலும் கணக்கு மறுபடி ஒண்ணுல இருந்துன்னு எழுதியிருந்துச்சு, உன் வீடு போயிடும். அதனால ஒண்ணும் போடலை. வெறுமையாக் குடுக்கிறதுக்கு மன்னிச்சுக்கோ." அவள் சிரித்தாள், நிஜமான சிரிப்பு. "அந்த வீட்ல முற்றம் இருக்குன்னியே. நல்லா இரு."

திரும்பி நான்கு எட்டு நடந்தாள். அந்த நான்கு எட்டுக்குச் சுவரை இரண்டு தடவை பிடித்துக்கொண்டாள். எதிர்வீட்டுக் கதவு மூடிக்கொண்டது.

அரசி தூக்கைக் கொண்டுபோய்ச் சமையல் மேடையில் வைத்தாள். வைத்தாள் என்பது நாகரிகத்துக்குச் சொல்வது, போட்டாள். மூடி உருண்டு தரையில் விழுந்து சுற்றிக்கொண்டே இருந்தது. அப்பாடா என்று தனசேகரன் சொல்லவில்லை, ஆனால் பேனாவை எடுத்து இருபத்தேழைக் குறி போட்டான், கை பழக்கம். அரசிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மூக்கன் மேல், பிரெண்டன் கொடுத்த தண்ணீர் மேல், வருந்துகிறோம் வருந்துகிறோம் என்று சொன்ன அத்தனை குரல் மேல், தன் கையெழுத்தின் மேல். அந்தப் பெண்மணியிடம் இவள் சொல்லத் துணியாத ஒன்றை அவளே செய்துவிட்டு, மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மன்னிப்பு யார் கேட்க வேண்டியது?

தரையில் கிடந்த மூடியை எடுத்தாள். தூக்கை எடுத்தாள். செருப்புகூடப் போடாமல் எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். டெலோரஸ் இன்னும் உட்காரக்கூட இல்லை போலிருக்கிறது, உடனே திறந்தாள்.

"வீட்ல சர்க்கரை தீந்து போச்சு, மிஸ் டெலோரஸ். கொஞ்சம் குடுங்க."

டெலோரஸ் அவளையும் தூக்கையும் பார்த்தாள். "சர்க்கரை இல்லை," என்றாள்.

அவள் தோளுக்குப் பின்னால் அடுப்புக்கு மேல் அலமாரியில் அந்தக் கண்ணாடி ஜாடி இருந்தது. முக்கால் ஜாடி பழுப்புச் சர்க்கரை.

"அதோ இருக்கே."

"அது தீந்து போனது."

"தள்ளுங்க."

"குயீன், முட்டாள்தனம் பண்ணாதே. இன்னும் மூணு நாள்தான். உன் வீடு."

"இதுவும் என் வீடுதான்," என்றாள் அரசி. குரல் உயர்ந்துவிட்டது, உயரட்டும் என்று விட்டாள். "நாம ஒரே குடும்பம்னு கவர்ன்மெண்டே எழுதிக் குடுத்திருக்கு. என் வீட்டு அலமாரியில சர்க்கரை எடுக்க நான் யாரைக் கேக்கணும்?"

அவள் உள்ளே போனாள். எட்டிப் பிடித்து ஜாடியை இறக்கினாள். இரண்டு கரண்டி போட்டாள். இரண்டு போதாது என்று தோன்றி இன்னும் ஒன்று போட்டாள். டெலோரஸ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தடுக்கவில்லை. தடுக்கிற இடுப்பும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீ ஒரு பைத்தியம் என்று மட்டும் சொன்னாள். இருபதாம் தேதி எத்தனை மணிக்குப் போகணும், நானும் வரேன் என்றாள் அரசி. காலை ஆறு மணிக்கு என்றாள் அவள்.

திரும்பி வந்து பாலைக் காய்ச்சினாள். டிகாக்ஷன் இருந்தது. இரண்டு டம்ளர். தூக்கைத் திறந்து சர்க்கரையைப் போட்டுக் கலக்கியபோது சமையலறை முழுக்க வெல்ல வாசனை எழுந்தது. தனசேகரன் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் அவன் கண் முன்னால்தான். தடுக்க நினைத்திருந்தால் இரண்டு எட்டு வைத்தால் போதும், அவன் வைக்கவில்லை.

சுவரில் மூக்கன் ஒரு மணி அடித்தது. திரையில் இருபத்தேழு அழிந்து ஒன்று வந்தது. அதற்குக் கீழே, பிரிவு மனு மீண்டும் முதல் நாளிலிருந்து, உங்கள் புரிதலுக்கு நன்றி என்று ஒரு வரி.

தனசேகரன் கையில் இருந்த பேனாவைச் சுவரில் எறிந்தான். அது மூக்கன் மேல் பட்டுக் கீழே விழுந்தது. பதினொரு வருஷம் என்றான், அவளிடம் இல்லை, சும்மா சுவரிடம். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அரசி அவன் முன்னால் ஒரு டம்ளரை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். போன வீடு போனதுதான். காபியின் மேல் ஆடை படிந்தது. எதிர்வீட்டில் கைத்தடி ஒரு தடவை தட்டி நின்றது.

அவன் கையை எடுத்தான். டம்ளரை எடுத்தான். ஒரு வாய் குடித்தான், சுவரைப் பார்த்தான், மறுபடி ஒரு வாய் குடித்தான். பிறகு டம்ளரை அவள் பக்கம் தள்ளினான்.

"இன்னொரு கரண்டி போடு," என்றான். "பத்தலை."